தகர ஷெட்டுக்கு உள் சுவர் போடறவங்க முதல்ல அதோட முதுகை பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வாராவாரம் வீடு கட்டறதை பத்தி ஒரு பக்கம் வருது, நான் விடாம படிக்கிறேன், டைல்ஸ்ல இருந்து பால்கனி கம்பி வரைக்கும் எல்லாத்தையும் எழுதிட்டாங்க, ஆனா நாங்க ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் நிக்கிற தகர ஷெட்டை பத்தி ஒரு வரி கூட இதுவரைக்கும் நான் பார்த்ததில்ல. இரும்பு தூண், குறுக்க சி சேனல் (சி எழுத்து வடிவத்துல வளைச்ச இரும்புச் சட்டம்), வெளிப்பக்கம் கலர் ஷீட், உள்ள பார்த்தா அதே ஷீட்டோட முதுகு, இப்படித்தான் எத்தனையோ ஒர்க்ஷாப் நிக்குது. கொஞ்ச நாள் போனதும் உள்ள நிக்க முடியாம அனல், சத்தம், இருட்டு, உடனே உள் சுவர் போடலாம்னு கிளம்பறோம். அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. எந்த பலகை போடலாம், என்ன கலர் அடிக்கலாம்னுதான் எல்லாரும் கேக்கறாங்களே தவிர அந்த பலகைக்கு பின்னாடி என்ன நடக்கும்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. நானும் கேக்கல. அதனால ரெண்டு தடவை சுவர் போட்டேன். அதைத்தான் எழுத வந்தேன்.

என்னோடது வெல்டிங்கும் மர வேலையும் சேர்ந்த ஒர்க்ஷாப். ஷெட் நிமிர்ந்து தரை கான்கிரீட் போட்ட கையோட, அவசரம், உள் வேலையை ஒரு கான்ட்ராக்டர்கிட்ட குடுத்தோம். அவர் ஷீட்டுக்கு ஒட்டினாப்ல கிளாஸ் வூலை (சூட்டை தடுக்கற கண்ணாடி நார் மெத்தை) திணிச்சாரு, மேல 12 எம்எம் ப்ளைவுட்டை சி சேனல்லயே நேரா ஸ்க்ரூ போட்டு இறுக்கினாரு, வெள்ளை பெயிண்ட் அடிச்சாரு, முடிஞ்சது. பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு, வந்தவங்க எல்லாம் போட்டோ எடுத்துட்டு போனாங்க. ஒரு மழைக்காலம் தாண்டினதும் ஒரு மூலையில ஈர வாடை வர ஆரம்பிச்சது, பழைய கோணி மூட்டையை அவுத்தா வருமே அந்த வாடை. கூரை ஒழுகுதுன்னு நினைச்சு மேல ஏறி ஸ்க்ரூ ஸ்க்ரூவா வாஷர் மாத்தினோம், வாடை போகல. கடைசியில ஒரு பலகையை கழட்டினேன்.

உள்ள நான் பார்த்ததை அப்படியே சொல்றேன். கிளாஸ் வூல் கீழ் பாதி முழுக்க நனைஞ்ச மெத்தை மாதிரி தொங்கி உக்காந்திருக்கு, கையில பிடிச்சு அழுத்தினா தண்ணி சொட்டுது. மேல் பாதியில வூலே இல்ல, கனம் தாங்காம கீழ வழுக்கிருச்சு. ப்ளைவுட்டோட பின்பக்கம் கறுப்பு பூசணம், வட்டம் வட்டமா. ஷீட்டோட உள்முகத்துல சி சேனல் தொடற கோட்டுல மட்டும் வரிசையா துரு புள்ளி, துணியில தையல் போட்ட மாதிரி நேர்கோடா. ஸ்க்ரூ முனை ஒவ்வொண்ணும் செங்கல் கலர்ல இருந்துச்சு. இத்தனைக்கும் வெளிய இருந்து ஒரு சொட்டு மழை உள்ள வரல. எல்லாம் உள்ள இருந்த காத்துல இருந்த தண்ணி.

இது எப்படின்னு புரிஞ்சுக்க எனக்கு கொஞ்ச நாள் ஆச்சு. ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளிய வேர்க்குதே, அதே கதைதான். காத்துல ஈரம் எப்பவும் இருக்கு, அது ஒரு குறிப்பிட்ட அளவு குளிர்ச்சியான பொருள் மேல பட்டா தண்ணியா மாறிரும். உள்ள 28 டிகிரி சூடு, ஈரப்பதம் 80 சதவீதம்னு வச்சுக்கோங்க, அந்த காத்து 24 டிகிரிக்கு கீழ இருக்கற எந்த பொருள் மேல பட்டாலும் வேர்க்கும். வெறும் 4 டிகிரி வித்தியாசம் போதும். ராத்திரி வானம் தெளிவா இருந்தா தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுட்டு சுத்தி இருக்கற காத்தை விடவே குளிர்ந்து போயிரும், விடியக்காலையில வண்டி மேல பனி படிஞ்சிருக்கறது அதனாலதான். அப்ப ஷீட்டோட உள்முகமும் வேர்க்கும். வெறும் ஷெட்டா இருந்தா காலையில வெயில் வந்து காத்தும் ஓடி அது காஞ்சிரும். நாம முன்னாடி ஒரு பலகையை வச்சு மூடிட்டா காய வழியே இல்ல, பலகை இடுக்கு வழியா ஈர காத்து மட்டும் தினமும் உள்ள போய்கிட்டே இருக்கும்.

அந்த ஈரம் எங்க இருந்து வருதுன்னும் சொல்லணும். புதுசா போட்ட கான்கிரீட் தரை மாசக்கணக்குல தண்ணியை மேல விட்டுக்கிட்டே இருக்கும், ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மாசம்னு தொழில்ல ஒரு தோராய கணக்கு உண்டு, அப்ப 4 இஞ்ச் தரைக்கு 4 மாசம். நாங்க தரை போட்ட மூணாவது வாரம் சுவரை மூடினோம். அப்புறம் கேஸ். ஒரு கிலோ எல்பிஜி எரிஞ்சா கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ தண்ணி ஆவியா வரும், இதை நான் முதல்ல நம்பல, ஆனா எரியறப்ப கேஸ்ல இருக்கற ஹைட்ரஜன் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து தண்ணியாகுது, அதனால எடை கூடத்தான் செய்யும். கேஸ் பர்னர் வச்சு வளைக்கிற வேலை, குளிர் நாட்டுல கேஸ் ஹீட்டர், எல்லாமே உள்ள தண்ணி ஊத்தற வேலைதான். ஆளுங்க மூச்சு, தரை கழுவற தண்ணி, மழையில நனைஞ்சு வர்ற மரம், இதெல்லாம் அதுக்கு மேல.

ரெண்டாவது தடவை நானே நின்னு செஞ்சேன். எல்லா பலகையும் கழட்டி, வூலை தூக்கி போட்டு, ரெண்டு வாரம் ஷட்டர் திறந்து வச்சு காய விட்டு, துரு புள்ளியை கம்பி பிரஷ்ல தேச்சு ஜிங்க் பிரைமர் அடிச்சோம். தரை காஞ்சுதான்னு பாக்க ஒரு எளிய வழி இருக்கு, ஒரு சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி தரையில ஒரு நாள் விட்டுட்டு தூக்கி பாருங்க, அடியில வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் காயலன்னு அர்த்தம். பக்காவான டெஸ்ட் இல்ல, ஆனா சுவரை மூடற அவசரத்தை நிறுத்த அது போதும்.

அப்புறம் வூல். இந்த தடவை ஒரு பக்கம் அலுமினிய ஃபாயில் ஒட்டின வூல், ஃபாயில் ஒர்க்ஷாப் உள்பக்கம் பாக்கற மாதிரி வச்சு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ஃபாயில் டேப் போட்டு அடைச்சோம், கீழ வழுக்காம இருக்க கம்பி வலை கட்டினோம். இங்க ஒரு விஷயம் கவனமா படிங்க, ஏன்னா இதுல எல்லா ஷெட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. ஈரத்தை தடுக்கற படலம், என் சுவர்ல அந்த ஃபாயில், எப்பவும் சூடான ஈரக் காத்து இருக்கற பக்கம் வரணும். ஏசி இல்லாத ஷெட், இல்ல குளிர் ஊர்ல உள்ள ஹீட்டர் ஓடற ஷெட்னா அது உள்பக்கம். ஆனா புழுக்கமான ஊர்ல உள்ள ஏசி போட்டு வேலை செய்யறீங்கன்னா கதை தலைகீழ், வெளிய இருக்கற ஈரக் காத்துதான் உள்ள வந்து ஜில்லுன்னு இருக்கற பலகையோட முதுகுல வேர்க்கும். அப்ப வெளி ஷீட்டோட ஜாயின்ட்டை நல்லா அடைக்கணும், உள்பக்கம் பிளாஸ்டிக் ஒட்டவே கூடாது. யாரோ எங்கயோ செஞ்ச வீடியோவை பார்த்துட்டு அப்படியே காப்பி அடிக்கறவங்க இங்கதான் மாட்டறாங்க, அவங்க ஊரு வேற நம்ம ஊரு வேற.

பபிள் ஃபாயில்னு ஒரு சுருள் விக்கறாங்க இல்லையா, ரெண்டு பக்கமும் பளபளன்னு நடுவுல காத்துக் குமிழ், அதை பத்தியும் ஒரு வார்த்தை. அது வேலை செய்யும், ஆனா அந்த பளபளப்புக்கு முன்னாடி குறைஞ்சது 20 எம்எம் காத்து இடைவெளி இருந்தாத்தான் வேலை செய்யும். அது சூட்டை கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்புது, அவ்வளவுதான், ரெண்டு பக்கமும் பொருளோட ஒட்டி நசுக்கி வச்சா சூடு தொட்டு தொட்டு கடந்து போயிரும். அதை ஷீட்டுக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவுல நசுக்கி வச்சிருக்கறதை நான் நிறைய இடத்துல பாக்கறேன், போட்ட காசு வீண்.

இனி இந்த லெட்டரை எழுத வச்ச விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் தெரிஞ்ச ஒருத்தரோட புது ஒர்க்ஷாப்புக்கு போனேன், உள்ள சுவர் முழுக்க தெர்மோகோல் பலகை ஒட்டி வச்சிருக்காரு, ஒரு பக்கம் மஞ்சள் ஃபோமை ஸ்ப்ரே பண்ணி அப்படியே விட்டிருக்காரு, மேல ஒண்ணும் மூடல. அதுக்கு ரெண்டு அடி தள்ளி பொறி பறக்க இரும்பு அறுக்கற கட்டிங் மெஷின் ஓடுது. எனக்கு அங்க நிக்கவே முடியல. நான் சொன்னேன், அவர் சொன்னாரு ‘ஃபயர் ரிடார்டன்ட் ஃபோம்ணே, கம்பெனிக்காரனே சொன்னான், ஒண்ணும் ஆகாது’ன்னு.

ஆகும். ஃபயர் ரிடார்டன்ட்னா சின்ன நெருப்புல சட்டுனு பத்தாதுன்னு அர்த்தமே தவிர எரியவே எரியாதுன்னு அர்த்தம் இல்ல. தெர்மோகோல் முதல்ல உருகும், உருகி சொட்டு சொட்டா எரிஞ்சுக்கிட்டே கீழ விழும். அந்த மஞ்சள் ஃபோம் மாதிரி பாலியூரித்தேன் ஃபோம் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடோட ஹைட்ரஜன் சயனைடும் வரும், ரெண்டுமே விஷம், அளவு கூடினா சீக்கிரமே ஆளை சாய்ச்சிரும், நெருப்பு தொட வேண்டிய அவசியமே இல்ல. 2003 பிப்ரவரி 20ஆம் தேதி அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாநிலத்துல ஸ்டேஷன்னு ஒரு நைட் கிளப்புல, சத்தம் வெளிய போகக்கூடாதுன்னு மேடையை சுத்தி சுவர்ல ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோம்ல மத்தாப்பு பொறி பட்டுச்சு, சில நிமிஷத்துல கட்டடம் முழுக்க புகை, 100 பேர் செத்தாங்க. அன்னைக்கு ராத்திரி பொறி ஒரே ஒரு தடவைதான் பறந்துச்சு. நம்ம ஒர்க்ஷாப்புல தினமும் பறக்குது.

ஃபோம் போடவே கூடாதுன்னு நான் சொல்லல. தகரத்து மேல நேரா ஒட்டற குளோஸ்டு செல் ஃபோம் (குமிழ் ஒவ்வொண்ணும் மூடியிருக்கறதால காத்து புகாத ஃபோம்) வேர்க்கற பிரச்சினையை நல்லாவே தீர்க்கும், ஏன்னா ஈரக் காத்து தகரத்தை தொடவே முடியாது. ஆனா அதை திறந்து விடக்கூடாது. அமெரிக்க கட்டட விதியில ஃபோமுக்கும் ஆள் இருக்கற இடத்துக்கும் நடுவுல 15 நிமிஷம் சூட்டை தடுக்கற ஒரு மறைப்பு இருக்கணும்னு இருக்கு, அரை இஞ்ச் ஜிப்சம் போர்டு போட்டா அதுக்கு போதும்னு அதுலயே சொல்லியிருக்கு. அவ்வளவு சாதாரண ஒரு போர்டு. அது எப்படி நெருப்பை நிறுத்துதுன்னா, ஜிப்சம் கல்லுக்குள்ள எடையில சுமார் 21 சதவீதம் தண்ணி கட்டுண்டு கிடக்கு, நெருப்பு பட்டா அந்த தண்ணி ஆவியாகி வெளிய வர்ற வரைக்கும் போர்டோட பின்பக்கம் கொதிநிலையை தாண்டி பெருசா சூடேறாது. அந்த நேரம்தான் நாம வெளிய ஓடறதுக்கு கிடைக்கற நேரம்.

தகரமும் இரும்பும் எரியாதே, அப்புறம் என்ன பயம்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு. இரும்பு எரியாது, ஆனா 550, 600 டிகிரி வந்தா அதோட பலம் ஏறக்குறைய பாதியா குறைஞ்சிரும். மெலிசான சி சேனல் அந்த சூட்டுக்கு சீக்கிரம் வந்துரும். சுவர்ல எரியற பொருளை நிறைய சேர்த்தா அந்த கூரையையே நாம பலவீனப்படுத்தறோம்னுதான் அர்த்தம்.

என் இடத்துலயே ஒரு தடவை நடந்துச்சு. முதல் சுவர் இருந்த காலம். பைப் அறுத்துக்கிட்டு இருந்தோம், பொறி தரையில உருண்டு போய் சுவர் ஓரம் போச்சு, பலகைக்கும் தரைக்கும் நடுவுல ஒரு விரல் அளவு இடைவெளி, அதுக்குள்ள மர மெஷின்ல இருந்து வந்த தூள் மாசக்கணக்கா சேர்ந்து கிடந்திருக்கு. யாருக்கும் தெரியல. சாயங்காலம் விளக்கை அணைச்சுட்டு ஷட்டரை இறக்கப் போறப்ப கருகல் வாடை. சுவரை தொட்டா ஒரு இடத்துல மட்டும் வெதுவெதுன்னு இருக்கு. பலகையை பிரிச்சா உள்ள தூள் சிகரெட் மாதிரி கனிஞ்சுக்கிட்டு இருக்கு, ஜுவாலை இல்ல, சிவப்பா ஒரு கோடு மட்டும் மெதுவா நகருது. ஒரு வாளி தண்ணியில முடிஞ்சது. பத்து நிமிஷம் முன்னாடி ஷட்டரை இறக்கிட்டு போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் நினைச்சா கை நடுங்குது. வெல்டிங், கட்டிங் மாதிரி வேலைக்கு அமெரிக்காவுல இருக்கற என்எஃப்பிஏங்கற தீ பாதுகாப்பு அமைப்போட 51பின்னு ஒரு பாதுகாப்பு விதி இருக்கு, எரியற பொருள் எதுவா இருந்தாலும் 11 மீட்டர் தள்ளி வைக்கணும் இல்லன்னா மூடி வைக்கணும், வேலை முடிஞ்ச அப்புறமும் ஒரு மணி நேரம் ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும்னு அதுல சொல்லுது. 11 மீட்டர்னா நம்மள்ல பல பேரோட ஷெட்டே அவ்வளவுதான் இருக்கும். அப்ப சுவரையே எரியாததா போடறதை தவிர வேற வழி என்ன இருக்கு?

அதனால பலகை விஷயத்துல நான் வந்து சேர்ந்த முடிவு, ஷெட் முழுக்க ஒரே பலகை வேண்டாம். வெல்டிங், கிரைண்டிங் நடக்கற பக்கம் சிமெண்ட் ஃபைபர் போர்டு, இல்லன்னா ஜிப்சம் போர்டு போட்டு அது மேல ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு). சிமெண்ட் போர்டு அறுக்கறப்ப வர்ற தூசியில சிலிக்கா இருக்கு, நுரையீரலுக்கு நிரந்தர கேடு, தண்ணி தெளிச்சு அறுங்க, நல்ல மாஸ்க் போடுங்க, கர்ச்சீப் கட்டறது பத்தாது. மர வேலை பக்கமும் டூல்ஸ் மாட்டற பக்கமும் ப்ளைவுட் வேணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஏன்னா ஜிப்சம் போர்டுல ஒரு ஸ்பேனர் செட்டை மாட்டினா ஸ்க்ரூவோட பிய்ச்சுக்கிட்டு வரும், ப்ளைவுட்ல எங்க வேணும்னாலும் ஸ்க்ரூ போடலாம், ஒரு வருஷம் கழிச்சு இடம் மாத்தலாம். அங்க நான் அடியில ஜிப்சம் போர்டு, மேல ப்ளைவுட்னு ரெண்டு அடுக்கா போட்டேன். கனம் கூடுச்சு, ஆள் கூடுதலா வேணும், ஆனா நிம்மதியா இருக்கு. பிவிசி பேனல் பாக்க சுத்தமா இருக்கும், கழுவலாம், ஆபீஸ் ரூமுக்கு வச்சுக்கோங்க, வேலை நடக்கற இடத்துக்கு வேண்டாம், சூடு பட்டா வளைஞ்சிரும், எரிஞ்சா ஆசிட் புகை வரும்.

முதல் தடவை செஞ்ச இன்னொரு தப்பு, பலகையை சி சேனல்ல நேரா இறுக்கினது. ஷெட்டோட பக்கவாட்டு சி சேனல் படுக்கை வசமா நாலு அஞ்சு அடிக்கு ஒண்ணுதான் இருக்கும், நடுவுல பலகைக்கு பிடிப்பே கிடையாது, சாஞ்சா உள்ள போகும். அதை விட முக்கியம், தகர ஷெட் அசையற கட்டடம். காத்து அடிச்சா அசையும், வெயில்ல நீளும். இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர்ல 12 மைக்ரான் நீளும், கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு, 30 மீட்டர் நீள ஷெட்டுல 30 டிகிரி ஏறினா 10 எம்எம்முக்கு மேல வந்துரும். அது கூடவே ஜிப்சம் போர்டை இறுக்கி ஜாயின்ட்டுக்கு பட்டி பார்த்தா ஒரே கோடையில ஜாயின்ட் முழுக்க விரிசல். எங்களோடதுல பட்டியே இல்ல, ஆனாலும் ஸ்க்ரூ ஓட்டை எல்லாம் நீள்வட்டமா தேய்ஞ்சிருந்துச்சு.

இப்ப என்ன செஞ்சேன்னா, சி சேனலுக்கு உள்பக்கம் செங்குத்தா 2 அடிக்கு ஒண்ணா ஜிஐ சேனல் நிறுத்தி ஒரு தனி ஃபிரேம் கட்டினேன். 2 அடி எதுக்குன்னா பலகை 8க்கு 4, ரெண்டு ஓரமும் நடுவும் சரியா சேனல் மேல வந்து உக்காரும். சேனல் நுனி உக்கார கீழ தரையில ஒரு டிராக் (பள்ளமான பட்டை), மேல ஒரு டிராக், மேல் டிராக்குல சேனலை இறுக்காம கொஞ்சம் விளையாட இடம் விட்டிருக்கேன், ஷெட் அசைஞ்சாலும் சுவர் அதும்பாட்டுக்கு நிக்கும். பலகைக்கும் பலகைக்கும் 3 எம்எம் இடைவெளி, அது மேல மெலிசா அலுமினிய பட்டை, பட்டி கிட்டி எதுவும் இல்ல. ஒர்க்ஷாப் சுவருக்கு வீட்டு சுவர் மாதிரி வழவழப்பு எதுக்கு? ஸ்க்ரூவை கழட்டினா பலகை தனியா வரணும், அதுதான் எனக்கு வேணும். மரச்சட்டம் வச்சு ஃபிரேம் கட்டறவங்க ஒண்ணு கவனிங்க, கரையானுக்காக செம்பு மருந்து ஏத்தின மரம் ஈரத்துல ஜிஐ ஷீட்டை தொட்டா ஷீட் சீக்கிரம் அரிச்சு போகும், நடுவுல ஒரு ரப்பர் பட்டையோ தடிமனான பிளாஸ்டிக்கோ வைங்க.

கீழ் ஒரு அடியை தனியா நினைக்கணும். தரையில தண்ணி நிக்கும், துடைப்பம் இடிக்கும், டிராலி இடிக்கும். ப்ளைவுட்டோ ஜிப்சமோ தரையை தொட்டா திரி எண்ணெயை இழுக்கற மாதிரி தண்ணியை மேல இழுத்துரும். அதனால கீழ ஒரு அடி சிமெண்ட் போர்டு மட்டும், அதுவும் தரையில இருந்து 12 எம்எம் தூக்கி, அந்த இடைவெளி முன்னாடி எல் ஷேப்ல வளைச்ச ஜிஐ பட்டை ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கேன், பொறியும் தூளும் எலியும் உள்ள போகாது. மாசம் ஒரு தடவை ஒரு பட்டையை கழட்டி உள்ள டார்ச் அடிச்சு பாக்கறோம்.

ஒயரிங்கை சுவருக்குள்ள புதைக்காதீங்க. வெளியில இரும்பு பைப்லயே போகட்டும், பாக்க எப்படியோ இருக்கட்டும், மெஷின் இடம் மாறும், புது மெஷின் வரும், ஒவ்வொரு தடவையும் சுவரை உடைக்கவா முடியும். முக்கியமா, சுவர் போடறப்ப ஸ்க்ரூ எங்க ஒயரை குத்தும்னு பயமே இருக்காது. ஷெட்டோட இரும்பு ஃபிரேம், உள்ள போட்ட ஜிஐ சேனல் ரெண்டையும் எர்த்தோட இணைச்சுட்டு அப்புறம் பலகை போடுங்க, ஏன்னா எங்கயாவது ஒரு ஒயர் தோல் உரிஞ்சா சுவர் முழுக்க கரண்ட் வரும்.

சத்தம் பத்தி நிறைய எழுதலாம், ஒண்ணு மட்டும் சொல்றேன். வெறும் தகர சுவர் சத்தத்தை முழுசா திருப்பி அடிக்கும், அதுக்கு பதிலா வழவழப்பான பலகை போட்டாலும் அதிர்வு குறையுமே தவிர எதிரொலி பெருசா குறையாது. கிரைண்டர் பக்கம் ஒரு சுவருக்கு மட்டும் ஓட்டை போட்ட ஜிஐ ஷீட், அதுக்கு பின்னாடி கறுப்பு கண்ணாடி நார் துணி, அதுக்கும் பின்னாடி ராக் வூல் (கல்லை உருக்கி இழுத்த நார்) போட்டேன், சத்தம் உள்ள போய் திரும்பி வரமாட்டேங்குது. அமெரிக்காவுல நியோஷ்னு ஒரு தொழில் பாதுகாப்பு அமைப்பு சொல்ற அளவு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடறப்பவும் நேரம் பாதியாகும், 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. கிரைண்டர் இதுக்கெல்லாம் மேலதான் கத்தும். அதனால சுவர் போட்டாச்சுன்னு காது அடைப்பானை கழட்டாதீங்க, பக்கத்து மேசையில நிக்கிறவருக்கு வர்ற எதிரொலியைத்தான் சுவர் குறைக்கும்.

வெள்ளை அடிக்கறதுக்கு முன்னாடி இருந்த வெளிச்சத்துக்கும் பின்னாடி இருக்கற வெளிச்சத்துக்கும் அவ்வளவு வித்தியாசம். வெறும் ப்ளைவுட் வெளிச்சத்தை குடிச்சிரும். பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ் வெள்ளையா அடிங்க, வெல்டிங் பக்கம் மட்டும் பளபளப்பான வெள்ளை வேண்டவே வேண்டாம், ஆர்க் வெளிச்சம் சுவர்ல பட்டு பின்னாடி நிக்கறவங்க கண்ணுக்கு வரும், அங்க பளபளப்பு இல்லாத சாம்பல் கலர் போதும்.

இன்னொண்ணு, அனலுக்காக சுவர் போடறேன்னு சொல்றவங்க முதல்ல கூரையை பாருங்க. உச்சி வெயில்ல பெரும்பாலான சூடு தலைக்கு மேலதான் இறங்குது, சுவர்ல நேரா வெயில் படறது காலையும் சாயங்காலமும்தான். கூரைக்கு அடியில ஒண்ணும் போடாம, முகட்டுல காத்து போக வழி வைக்காம சுவரை மட்டும் மூடினா அது மூடி போட்ட பாத்திரம், முன்னாடி இருந்ததை விட புழுக்கம் கூடும். கையில இருக்கற காசு ஒரு வேலைக்கு மட்டும்தான்னா கூரையை முடிச்சுட்டு சுவரை அடுத்த வருஷம் வச்சுக்கோங்க, அந்த ஒரு வருஷத்துல தரையும் நல்லா காஞ்சிரும்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட எனக்கு ஒரு கோரிக்கை இருக்கு. அந்த வீட்டுப் பக்கத்துல மாசம் ஒரு தடவையாவது ஒர்க்ஷாப் கட்டடத்துக்கு இடம் குடுங்க. தீயணைப்பு துறையில வேலை பார்த்த ஒருத்தரை கேட்டு, மூடாம விட்ட ஃபோம் சுவர் எரிஞ்சா எப்படி இருக்கும்னு எழுத சொல்லுங்க. கட்டட இன்ஜினியர் ஒருத்தரை கேட்டு ஏசி உள்ள ஷெட், ஏசி இல்லாத ஷெட் ரெண்டுக்கும் சுவரை குறுக்கா வெட்டின மாதிரி படம் போடுங்க, எந்த அடுக்கு எந்த பக்கம்னு. அந்த படத்தை வெட்டி எடுத்து வேலை செய்யறவர் கையில குடுத்தா போதும், நாங்க ஆயிரம் வார்த்தை பேசறதை விட அது அவருக்கு புரியும். பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் சொல்ல ஆள் இருக்கு, நாலு பேர் வேலை செய்யற ஷெட்டுக்கு உங்க பேப்பர்தான் இருக்கு.

அந்த தெரிஞ்சவர்கிட்ட மறுபடியும் பேசினேன். இந்த ஞாயித்துக்கிழமை கட்டிங் மெஷினை எதிர் மூலைக்கு மாத்தறோம், அடுத்த வாரம் ஃபோம் மேல ஜிப்சம் போர்டு ஏத்தறோம், நானும் என் பசங்க ரெண்டு பேரும் போறோம். ஒவ்வொரு பலகை முதுகுலயும் மூடின தேதியையும் உள்ள என்ன இருக்குன்னும் மார்க்கர்ல எழுதி வைக்க சொல்லியிருக்கேன், என் ஷெட்டுலயும் அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன், பின்னாடி யார் கழட்டினாலும் தெரியணும் இல்லையா.

இப்படிக்கு,
தகர ஷெட்டுல ஒர்க்ஷாப் நடத்தற ஒரு வாசகர்